கழுவிய கல்

மச்சான்,

நாம் பேசி பதினோரு வருடம் ஆகிறது. கல்குவாரியின் பாறை இடுக்கில் அந்தச் சிவப்புப் படிகத்தை நீதான் முதலில் பார்த்தாய். நாக்கு நுனியில் தொட்டுவிட்டு, "கரிக்குது மச்சான். ரொம்ப அபூர்வமான சரக்கு. தண்ணி காட்டிடாத, கரைஞ்சுடும்," என்றாய். "எதைப் பார்த்தாலும் உனக்கு நக்கணும்," என்று நான் சிரித்தேன்.

ஆய்வகத்தில் அதன்மேல் மண் ஒட்டியிருந்தது. மேலதிகாரிக்குப் பளிச்சென்று காட்டலாமே என்று குழாயைத் திறந்து, கை கழுவும் பழக்கத்தில் அதையும் கழுவினேன். மண்ணோடு சிவப்பும் போய்விட்டது.

"எங்கய்யா படிகம்?" என்று, நீ சொன்னதை நம்பிப் பார்க்க வந்த அவர் உன்னிடம் கேட்டார். நீ என் முகத்தையே பார்த்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. புளுகன் என்ற பெயரோடு நீ வேலையை விட்டாய்.

நேற்று அந்தக் கல்குவாரிக்குப் போனேன். மழை படாத உள் இடுக்கில் நகக்கண் அளவு மிச்சமிருந்தது. ஒரு துளி தண்ணீர் விட்டேன். ஓரம் கரைந்தது. மீதியை உலர்ந்த பஞ்சில் சுற்றி, கண்டெடுத்தவர் என்று உன் பெயரை எழுதி, நடந்ததையும் எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை உன் தங்கையிடம் சொன்னேன். "எங்க அண்ணன் முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் தங்கையின் கணவன்