உட்பக்கம் பூசிய வெள்ளை

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறோம், நீ அனுப்பிய பட்டையைக் கட்டியதிலிருந்து என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் உடம்பு எப்படி? ஷிஃப்ட் முடிந்து வந்ததும் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாயா, இல்லை போனை நோண்டிக்கொண்டே பொழுதைக் கழிக்கிறாயா? ஒவ்வொரு முறை பேசும்போதும் அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், நாங்களும் பரவாயில்லை என்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். விஷயம் இதுதான், அவர் முதுகில் ஒன்றும் இல்லை. கண்ணில் இருக்கிறது. பயப்படாதே, முழுக்கப் படி.

வேலைக்குப் போகாமல் நின்றாரே, அதற்குச் சில நாள் முன்பு பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஒரு கதவு மட்டும் நசுங்கியிருந்தது. அப்பா வழக்கம்போல பெயின்ட் டப்பாவைத் திறந்து, சாம்பிள் அட்டை எதையும் பார்க்காமல், மனக்கணக்கில் கலந்து அடித்துக் கொடுத்தார். ஷெட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியதும் கதவு ஒரு நிறம், வண்டி ஒரு நிறம் என்று ஆகிவிட்டது. முதலாளி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுமுறை நாளில் வேறு பெயின்டரை வரவழைத்து அந்தக் கதவைத் திரும்ப அடிக்க வைத்தார். மறுநாள், மற்ற இடத்தில் பெயின்ட் படாமலிருக்க ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பின் துண்டு கதவிடுக்கில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். தான் ஒட்டினால் அப்படித் துண்டு விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியாதா? அன்று மதியமே முதுகு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்தவர்தான். கண் டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, அதனால்தான் எல்லாம் மஞ்சளடித்தாற்போல் தெரியும், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். இவர் பார்க்கலாம் என்றார். கார் வாங்க வந்தவர்கள் விலை படியாதபோது சொல்வார்களே, அந்தப் பார்க்கலாம்.

இப்படி நாற்காலியும் டிவியுமாக அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் பெட்டி வந்தது. சின்ன வயதில் கடைத்தெருவில் பொம்மைக் கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நீ பார்ப்பாயே, ரிமோட்டில் ஓடும் அதே பக்கி கார், நின்றுபோன மாடலைக் கம்பெனி திரும்ப விட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். முழு வண்டி இருக்கும் என்று திறந்தால் உள்ளே பை பையாகத் திருகாணிகளும் உதிரிப் பாகங்களும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். இதுக்குப் பேரு வண்டியா, பழைய இரும்புக் கடையைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கா உன் மக, என்றார் அப்பா. ஆனால் பெட்டியின் மேல் இருந்த படத்தை, வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை போட்ட அந்தப் படத்தை, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் வெகுநேரம் பார்த்தார்.

பொடிச் சாமான்களெல்லாம் என் பக்கம் வந்தன. சீட் கவர் தைக்கும் மேஜையைக் காலி செய்து, ஊசி பொறுக்கும் காந்தத்தைக் கையருகே வைத்துக்கொண்டேன். கியர் பெட்டியை நான் பூட்டினேன். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்றி, குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும்வரை அசைக்காமல் வைத்திருந்து மூட வேண்டும் என்று செய்முறைத் தாளில் போட்டிருந்தது, அந்தப் பொறுமை உன் அப்பாவுக்கு ஏது? அவருக்குத் திருகாணி முறுக்குகிற வேலையைக் கொடுத்தேன். இரும்பில் முறுக்கிப் பழகிய கை, பிளாஸ்டிக்கில் ஒன்றை இறுக்கி உடைத்தே விட்டது. உன் பொண்ணு அனுப்பின பிளாஸ்டிக் சரியில்ல, என்று உடனே தீர்ப்பும் வந்தது. நன்றாக நடந்தால் என் மக, உடைந்தால் உன் பொண்ணு. ஒட்டிச் சரிசெய்துவிட்டேன், கவலைப்படாதே. வண்டியின் பிளாஸ்டிக் மேல்கூட்டை ஓரம் வெட்ட வேண்டிய கட்டம் வந்ததும் என் துணிக் கத்தரிக்கோலை எடுக்கப் பார்த்தார். பிளாஸ்டிக்கை வெட்டினால் அது அப்புறம் துணியைக் கடிக்கும், எடுத்தால் நடக்கிறதே வேறு என்றேன். சிரித்தார். முதுகுவலி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்தக் கூடு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது. அதைக் கவிழ்த்து வைத்து வெளிப்பக்கம் அடிக்க ஸ்ப்ரே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நிறுத்துங்க, உள்ளே அடிக்கணும்னு போட்டிருக்கு என்று நான் கத்தினேன். உள்ளே பெயின்ட் அடிக்கிற வண்டியை இப்பதான் பார்க்கிறேன், என்று என்னையே முறைத்தார். தலையணை உறை ஒன்றை எடுத்துவந்து திருப்பிக் காட்டினேன். தையலில் நாங்கள் கெட்ட பக்கத்தில் தைத்து நல்ல பக்கம் திருப்புகிறோம் இல்லையா, அதுபோலத்தான், வெளியே கல் உரசினாலும் நிறம் போகாது. அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பட்டறையில் வெள்ளையை அடித்து அதன்மேல் சிவப்புப் பட்டை இழுப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ், பட்டை முதலில், வெள்ளை கடைசியில். இன்னொன்றையும் அவரே சொன்னார். இதுல முதல்ல எது ஒட்டுதோ அதுதான் வெளியே தெரியும், மேல எத்தனை கோட்டு போட்டாலும் மூடி மறைக்க முடியாது, என்றார். சொல்லிவிட்டுப் பட்டைக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தார்.

சிவப்புப் பட்டை நூல் பிடித்தாற்போல் வந்தது. கை அப்படியேதான் இருக்கிறது, வாலு. பிறகு நீ அனுப்பிய வெள்ளைப் பாட்டிலைத் திறந்து குலுக்கிப் பார்த்து, இது வெள்ளையா, துவைச்சுத் துவைச்சுப் பழுத்த வேட்டி மாதிரில்ல இருக்கு, என்றார். பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி, வண்டிக்குள் உட்காரும் டிரைவர் பொம்மையின் சட்டைக்கு நீ வைத்திருந்த நீலத்தை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். கலக்கிப் பார்த்தார், போதவில்லை, இன்னும் ஒரு சொட்டு. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது பாட்டிலில் இருந்தபோதே பளிச்சென்ற வெள்ளை. அட்டைப்பெட்டிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. படத்தைப் பார்த்துக் கலக்கிறவன் பெயின்டர் இல்லை என்று உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அத்தனை மாதத்துக்குப் பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீலம் தீரும்வரை கலந்து அடித்து முடித்தார். சட்டைக்கு நீலம் இல்லாமல் போனதால் பொம்மைக்கு, கலக்காமல் மிச்சமிருந்த வெள்ளையையே நான் பூசிவிட்டேன்.

மோட்டார் ஒயரைப் பற்றவைக்க மேல்வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தான். வேலை முடிந்ததும் கூட்டை மாட்டி, டிரைவரை உட்காரவைத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அண்ணே, சூப்பர்ணே, டிரைவருக்கு வெள்ளைச் சட்டை, வண்டிக்கு வெளிர்நீலம், மேட்ச்சிங் பின்னிட்டீங்க, என்றான். கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னான், பாவம். அப்பா வண்டியை வாங்கி வலது கண்ணருகே கொண்டுபோனார், இடது கண்ணருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், நீ சொல்லு, இது என்ன நிறம்? தம்பிக்குக் கலர் தெரியாது என்று ஒரு கிண்டல் செய்திருந்தால் அந்த நிமிஷம் கடந்துபோயிருக்கும். அவரும் நம்பியிருப்பார், நம்பத்தான் அவர் மனசும் தவித்தது. ஆனால் முதலாளியும் அப்படித்தானே மறைத்தார்? நானும் மறைத்தால் இந்த மனிதர் யாரை நம்பி ஒன்றைக் கேட்பார்? நீலம்தாங்க, என்றேன். பொம்மை சட்டை? வெள்ளை. எனக்கு வண்டிதான் வெள்ளை, சட்டை பழுத்த வேட்டியாத்தான் தெரியுது, என்றார். தம்பி சாமான்களை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவிவிட்டான்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கலக்கும்போதே தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன். தலையாட்டினார். பட்டறையில் என்றால் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட்டு அடித்திருப்பார், இதில் அதற்கு வழியில்லை, அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் மனதில் கிடந்தது வெளியே வந்தது. ஆபரேஷன் பண்ணாம இருக்கிறவரைக்கும், பண்ணினா சரியாகிடும்னு ஒண்ணு இருக்கு, பண்ணியும் நிறம் பிடிபடலைன்னா அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் வீட்ல உக்காருவேன், என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்ப மட்டும் என்ன பிடிபடுது, என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் அவரே போன் செய்து தேதி வாங்கினார். முதலில் வலது கண், அது ஆறியபின் இடது. டாக்டர் சின்ன வேலை என்கிறார், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம், வந்தால் பயந்துகொள்வார். கட்டு அவிழ்க்கிற அன்று போனில் இரு, போதும். நிறம் தெரிகிறதா என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்காதே. அவராகச் சொல்லட்டும்.

வண்டியைச் சந்தைக்குப் பின்னால் உள்ள வெற்று மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். என்ன வேகம்! ஒரு மேட்டில் ஏறிப் பறந்து தலைகுப்புற விழுந்து சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்துச் சுற்றியது. அப்பா ஓடிப்போய்த் தூக்கித் துடைத்து, வெளியே சிராய்ப்பு, உள்ளே நிறத்துக்கு ஒண்ணும் ஆகல என்று தூரத்திலிருந்தே எனக்குக் குரல் கொடுத்தார். ஷாக் அப்சார்பரும் ஒழுகவில்லை என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே, நல்ல மனிதர்கள் எப்போதும் உன்னைச் சுற்றி இருக்கட்டும். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைக்காத நாள் இல்லை. இதையெல்லாம் உனக்கு எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன், எழுது, என் வாயால சொல்ல வராது என்றார். கடைசியாக ஒன்றை மறக்காமல் போடச் சொல்லியிருக்கிறார். அந்த மேல்கூடு தனியாக விற்கிறதாமே, இன்னொன்று வாங்கி அனுப்பு, இரண்டு கண்ணும் ஆறட்டும், அடிக்கிறேன் என்றார். வெள்ளை இருப்பதே போதுமாம். நீலம் மட்டும் அனுப்ப வேண்டாமாம்.

அன்புடன்,
உன் அம்மா