ஏழாவது டோக்கன்

சிதம்பரம்
7.8.2011

அன்புள்ள சவரி,

ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவர், செல்போன் மணி அடித்ததற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாரா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

நம் செம்பியன் சாரைத்தான் சொல்கிறேன். நீ விட்டுப்போன பொம்மை ரயில் சங்கத்துக்கு இன்னமும் அவர்தான் தலைவர். ஜூலைக் கூட்டத்தில், வழக்கம்போல வாசலிலேயே பிஸ்கட் டின்னோடு நின்றார். எல்லோருடைய போனையும் அணைக்கச் சொல்லி வாங்கிப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்தார். லாட்ஜ் மாடியில் அதே நீள மேசை, இந்தக் கோடியில் கடலூர் ஓ.டி. நிலையம், அந்தக் கோடியில் சிதம்பரம் நிலையம். பொம்மை வண்டி அந்தக் கோடியைச் சேரும்வரை டோக்கனும் திரும்பாது, போனும் திரும்பாது. உனக்குத் தெரியாததா?

புதிதாகச் சேர்ந்த பொன்னுரங்கம் சட்டைப்பையில் இரண்டாவது போன் வைத்திருந்தார். வண்டி ஆலப்பாக்கத்தில் நிற்கும்போது அது அடித்தது. செம்பியன் சார் வண்டியை ஓட்டும் விசையை விட்டுவிட்டுச் சுவரோரம் போனார். "எடுக்காதீங்க, யாரும் எடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பொன்னுரங்கமோ, "சும்மா என் மச்சான் சார், திட்டக்குடிலேர்ந்து. எடுக்கலன்னா கோச்சுக்குவான்" என்று எடுத்துப் பேசியேவிட்டார். அடுத்த நாளே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கிக் கடிதம் போயிற்று. செயலாளர் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

முப்பத்தொரு பேர் இருந்த சங்கம். டின் வந்த பிறகு முதலில் டாக்டர் போனார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் போனார்கள். வண்டி ஓடுவதைப் போனில் படம் பிடிக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் போனார்கள். நீ போனாய். இப்போது ஏழு பேர். ஆறு நிலையத்துக்கு ஆறு பேர், விசைக்கு ஒருவர். ஒருவர் குறைந்தாலும் ஆண்டு ஓட்டம் நடக்காது. இந்த ஆண்டு அது நடக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட வேண்டும் என்று லாட்ஜ்காரர் சொல்லிவிட்டார். மேசை முப்பது அடி. அறுத்துத்தான் இறக்க வேண்டும்.

அந்த ஏழாவது ஆள் நான். எனக்குத்தான் வர முடியுமென்று தோன்றவில்லை. மார்ச்சில் என் கணவர் சுரேந்தருக்கு முதல் வலிப்பு வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன், போன் மேசை இழுப்பறையில் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் வீட்டு வேலைக்கு வரும் குப்புவிடமிருந்து பதினோரு அழைப்புகள். அதிலிருந்து போனை நான் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் வைத்ததில்லை. குளிக்கும்போதுகூட ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்து லாட்ஜிலிருந்து என் வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், சவரி.

ஆண்டு ஓட்டம் அக்டோபர் 9, ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு. எனக்குப் பதில் நீ வருவாயா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கெட்ட சேதிக்கு மட்டும்தான் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று நாம் செய்துகொண்ட ஏற்பாடு இருக்கிறதே. உன் எண்ணைப் பார்த்து நானும், என் எண்ணைப் பார்த்து நீயும் கலங்க வேண்டாம்.

அன்புடன்,
எழிலரசி


மரியே வாழ்க

கடலூர்
16.8.2011

அன்பு எழில்,

உன் கடிதத்தை வார்டில், மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். சுரேந்தர் அண்ணன் மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறாரா? தூக்கம் கெடக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடு என்று போன கடிதத்திலேயே எழுதினேன், கழற்றினாயா? எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு ஒரு திருகாணி கழற்றத் தெரியாதா?

வருவாயா என்று கேட்கிறாய். நான் வார்டு பொறுப்பில் இருப்பவள். ஞாயிறு என்றும் பாராமல் கூப்பிடுவார்கள். அதனால்தானே போனேன்? டின்னா, வேலையா என்று என்னை நிற்க வைத்தது யார்? 2008-ல் அந்த விதிக்கு ஓட்டெடுத்தபோது பாதிக்குப் பாதி நின்றது. கடைசியாகக் கை தூக்கியவள் நீ. புதுச்சத்திரம் நிலையத்தை என் கையிலிருந்து பிடுங்கியது உன் கைதான். கோபமில்லை, சொல்லி வைக்கிறேன். என் தம்பி பிரான்சிலிருந்து அனுப்பிய பச்சை எஞ்சின் அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது.

ஒன்று மட்டும். செம்பியன் சாரிடம் காரணம் கேட்காதே. திட்டாதே. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

உன்,
சவரி


சிதம்பரம்
4.9.2011

அன்புள்ள சவரி,

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். சுரேந்தருக்குக் கோபம். "நான் என்ன கொழந்தையா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு முறை வலிப்பு வந்தது. சோபாவில் இருந்தார், அடி ஒன்றும் இல்லை. வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேசையில் போன் அதிர்வதுபோலவே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தும் போய்ப் பார்க்கிறேன். மாணவர்கள் சிரிப்பது கேட்கிறது.

காரணம் கேட்காதே என்கிறாய். காரணம் தெரியாத எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்த ஒரு முறைதான் ஒப்புக்கொண்டேன், அதற்கு இப்போது படுகிறேன். நினைவிருக்கிறதா? செல்போன் அலை விசைப்பெட்டியைக் கெடுக்கிறது, வண்டி தடம் புரள்கிறது என்று செம்பியன் சார் எழுதி வைத்துப் படித்தார். நான் எல்லோர் முன்னாலும், "சார், இதை என் பர்ஸ்ட் இயர் பசங்க எழுதியிருந்தா முட்டைதான் போட்டிருப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிறகு கை தூக்கினேன். பரிதாபமா, பயமா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அவருக்கு எழுதினேன், வீட்டு நிலைமையைச் சொல்லி, என் போனை மட்டும் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு. அஞ்சலட்டையில் ஒரே வரி வந்தது: "விதி எல்லோருக்கும் ஒன்று. மன்னிக்கவும்."

நான் விலகுவதாக எழுதப்போகிறேன். மேசையை அறுக்கட்டும். ஒரு பொம்மை ரயிலுக்காக என் வீட்டு மனிதரைப் பணயம் வைக்க முடியாது.

அன்புடன்,
எழிலரசி


மரியே வாழ்க

கடலூர்
20.9.2011

எழில்,

விலகல் கடிதத்தைப் போடாதே. போட்டிருந்தால் திரும்ப வாங்கு. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது என் வேலையின் விதி. ஆனால் இதைச் சொன்னவர் நோயாளியாக வந்து சொல்லவில்லை, மாதா கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார். அப்படித்தான் என் மனதைச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

செம்பியன் சாரின் மனைவி தைலம்மாளைத் தெரியுமல்லவா? அவர்களுடைய மகன் கதிரவன் சென்னையில் விபத்தில் போனான் என்று நமக்குத் தெரியும். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 2008 ஆகஸ்டுக் கூட்டம். அன்றைக்கு நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். அப்பாவுக்காக ஒரு எஞ்சின் வாங்கிக்கொண்டு, மாலை வண்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இவர் பொறுக்கமாட்டாமல் நம் நடுவிலிருந்தே போன் போட்டார். "என்னடா, பெட்டியோட கெடச்சுதா? சத்தமாப் பேசுடா, ஒண்ணும் கேக்கல" என்று சிரித்துக்கொண்டே கத்தினாரே. நானும் சிரித்தேன். அவன் அந்த நேரம் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தான். அப்பா குரல் சரியாகக் கேட்கட்டும் என்று மறுகாதைப் பொத்திக்கொண்டானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"என்ன சத்தம்னு தெரியல, லைன் கட்டாயிடுச்சுன்னு பொம்ம வண்டிய ஓட்டிக்கிட்டு இருந்தாரு, சிஸ்டர். அன்னிக்கு வண்டி சிதம்பரம் போயி சேந்துதாம்" என்றார் தைலம்மாள். "அவன் போன எடுக்காம இருந்திருந்தா இருப்பான்னு பொலம்புறாரு. இப்ப போனையே தொடுறதில்ல. ஞாயித்துக்கெழம மேசைகிட்ட போறாரு, அதுக்காகத்தான் எந்திரிக்கிறாரு. அதுவும் இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு." ஏன் பயம் என்று நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்த தூக்க மாத்திரைகளையெல்லாம் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

9-ம் தேதி எனக்கு வேலை, மாற்றிக்கொள்ள ஆளில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ போவாயா எழில்? போனால், டின்னில் போடும்போது போனை அணைப்பாயா?

உன்,
சவரி


சிதம்பரம்
8.10.2011, சனிக்கிழமை

அன்புள்ள சவரி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேலாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அன்றைய சிரிப்புத்தான் காதில் விழுகிறது, முட்டை போடுவேன் என்று நான் சொன்னதற்கு எழுந்த சிரிப்பு. மகன் செத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நாளை போகிறேன். குப்பு காலை ஏழிலிருந்து இருப்பாள். என் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்காமலிருக்கவும் மூன்று முறை செய்து காட்டினேன். "நீங்க தைரியமா போங்கம்மா, சும்மா சும்மா சொல்லிக்கிட்டு" என்றாள். சுரேந்தருக்கு எங்கள் இருவர் மேலும் எரிச்சல்.

அணைப்பாயா என்று கேட்டிருந்தாய். அணைத்தால் பதினோரு அழைப்புகள். அணைக்காவிட்டால், அடிக்காது என்ற நம்பிக்கையில் அந்த மனிதரிடம் பொய் சொல்கிறேன். அடித்துவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? நிகழ்தகவு கணக்கிட்டுப் பார்த்தேன், சிரிக்காதே. ஐம்பது நிமிட ஓட்டத்துக்குள் போன் அடிக்க வாய்ப்பு மிகக் குறைவு. எண் சிறியதாகத்தான் வந்தது. பயம் அதனோடு சேர்ந்து சிறியதாகவில்லை. என்ன செய்வேன் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்து இதே தாளில் எழுதுகிறேன்.

9.10.2011, ஞாயிறு மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு பேரும் வந்தோம். எஞ்சின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். வாசலில் டின். "ஆஃப் பண்ணிட்டீங்களாம்மா?" என்றார் செம்பியன் சார். "பண்ணிட்டேன் சார்" என்றேன். பண்ணவில்லை. ஏழாவது டோக்கனை என் கையில் வைத்தார். அவர் விரல் சில்லென்று இருந்தது, அல்லது என்னுடையது.

எனக்குக் கிள்ளை நிலையம். வண்டி பரங்கிப்பேட்டையை விட்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தபோது டின்னுக்குள் மணி அடித்தது. தகரத்துக்குள் அடிக்கும்போது அது போன் மாதிரியே இல்லை. சாவி அவர் இடுப்பில். "சார், அது என்னுது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் விசையை மெல்லத் திருப்பி வண்டியை நிறுத்தினார். சுவர்ப் பக்கம் போவார் என்று நினைத்தேன். டின்னிடம் போனார். சாவி துவாரத்தில் நுழைய மூன்று முறை தவறியது, அதற்குள் மணி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து போனைக் கையில் எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி அடித்தது. என்னிடம் கொடுக்கவில்லை. தானே காதில் வைத்தார்.

"யாரு? ... குப்புவா? குப்பு, இப்ப நீ எங்க நிக்கிற? ... வூட்டுக்குள்ளயா? ரோட்டுல இல்லியே? நடந்துகிட்டே பேசாதம்மா. ஒக்காரு முதல்ல. ... ஒக்காந்துட்டியா? இப்ப சொல்லு."

கேட்டுக்கொண்டே நின்றார். என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க வியர்வை. "சார் தனியா குளிக்கப் போறேங்கிறாராம். வுடலாமான்னு கேக்குறாங்க."

"கதவச் சாத்தாம குளிக்கச் சொல்லுங்க. வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

அதை அப்படியே சொன்னார். "முடிஞ்சதும் திரும்ப ஒரு போன் பண்ணும்மா, நாங்க எடுக்குறோம்" என்று அவராகவே சேர்த்தார்.

போனை டின்னுக்குள் போடவில்லை, கிள்ளை நிலையத்தின் மேல் என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அணைத்துவிட்டதாக நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் முட்டை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத்தான் நினைத்திருந்தேன். விசைக்குத் திரும்பிப் போனார். "கிள்ளை, லைன் கிளியரா?" என்றார். "கிளியர்" என்றேன். வண்டி பதினோரு நிமிடம் தாமதமாகச் சிதம்பரம் சேர்ந்தது. நடுவில் குப்பு மறுபடி கூப்பிட்டாள், குளித்தாயிற்று என்றாள். அப்போதும் அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உட்காரவில்லை.

வருகைப் பதிவில் ஏழு கையெழுத்து. லாட்ஜ்காரர் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். மற்றவர்கள் போனை எடுத்துக்கொண்டபோது டின்னைப் பூட்டாமலேயே அலமாரியில் வைத்தார்.

பேருந்து நிலையம்வரை கூடவே வந்தார். சாலையைக் கடக்கும்போது என் போனைக் கைப்பைக்குள் வைக்கச் சொன்னார். "ஏறி ஒக்காந்துட்டு வூட்டுக்கு ஒரு போன் பண்ணிடுங்கம்மா. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி" என்றார். வண்டி புறப்படும்வரை நின்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதில் சுரேந்தரே எடுத்தார். "சொல்லு, எழில்" என்றார்.

"எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "முதல்ல ஒக்காருங்க."

எழிலரசி