பெட்டியில் அச்சான சிரிப்பு

திருத்தங்கல்,
21.2.2005, திங்கட்கிழமை.

கோயம்புத்தூர் மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியில் கொலுவீற்றிருக்கும் மருமகள் ஸ்ரீமதிக்கு, சிவகாசி வட்டாரத்து லேபிள் ஏஜெண்டுகளில் முதல்வனும், இருநூறு அச்சகங்களில் ஓசி டீ குடித்தே ஒரு சமுத்திரத்தை வற்றடித்தவனுமாகிய உன் தாய்மாமன் சங்கிலிமுத்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தையின் முழங்கால் மட்டும் நலமில்லை. அவள் உட்கார்ந்து எழும் சத்தத்தில் சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் நின்று போகிறதாம்.

ஃபோன் செய்தால், "மாமா, அவரப் பத்திப் பேசுறதா இருந்தா வச்சிருவேன்" என்கிறாய். வைத்தும் விடுகிறாய். அதனால் காகிதம். இதை நீ கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும் அல்லவா? காலையிலிருந்து மூன்று முறை எழுதி நானே கிழித்துவிட்டேன். நடுவில் எழுந்து போய், பூட்டிய கதவையே மறுபடியும் இரண்டு தடவை பூட்டிவிட்டு வந்தேன். "வயித்துக்குள்ள சரவெடியா முழுங்கிட்டீக?" என்று அத்தை கேட்கிறாள்.

வெயில் மாசியிலேயே வந்துவிட்டது. அடுத்த சீசன் லேபிள் வேலையும் தொடங்கிவிட்டது. போன வாரம் பட்டாசுக் கம்பெனி அய்யாதுரை முதலாளி, உன் புருசன் ஹரிஷ் மாப்பிள்ளை வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்து, "அந்தச் சிரிக்கிற பொண்ணு போட்ட புஸ்வாணப் பெட்டி பாட்னா வரைக்கும் பறந்திருச்சு. இந்த வருசம் டபுள் ஆர்டர், அதே படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபப்படாதே, தாயி. மேலே படி.

முதலாளியின் கார் தெருமுனை திரும்புவதற்குள் மாப்பிள்ளை உள்ளே போய், அந்த லேபிளின் பிலிமை எடுத்து, பிளேடால் நூல் நூலாக நறுக்கிவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டார். அச்சகக்காரர் ராக்கப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "ஏலே ஹரிஷு, அது கம்பெனிச் சொத்துலே!" என்று கத்தினாராம். "அது என் பொண்டாட்டி மூஞ்சிண்ணே" என்றாராம் இவர். ஒன்பது வருட வேலை அன்று மத்தியானமே போய்விட்டது. இப்போது சாத்தூரில் ஒரு காராச்சேவு கடைக்குப் பையில் போட மிளகாய்ப் படம் வரைந்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். தீபாவளி முடிந்ததிலிருந்து பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், கடைகளில் மீந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடி, ஈரத்துணி வைத்து உன் படத்தை மட்டும் உரித்துவிட்டு வருகிறார். வழக்கம்போல நான் சொன்னால் நாற்பதாயிரம் பெட்டி என்பேன். உண்மையில் நானூறு இருக்கலாம். ஒரு கடையில் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

விவாகரத்துக் கேட்டு நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மாப்பிள்ளை நின்றபடியே படித்தார். நான் என்னென்னவோ பேசினேன். இமயமலையையே பெயர்த்து வந்து குறுக்கே வைப்பேன் என்றேன். "அவ கேட்டா குடுத்திர வேண்டியதுதான் மாமா. அவளக் கேக்காம செஞ்சவன்தான நான்" என்று மட்டும் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை விருதுநகரில் வக்கீல் ஆபீசில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று காகிதம் கிழிந்தது அதனால்தான்.

அவர் கேட்டார், ஸ்ரீமதி. என்னிடம் கேட்டார்.

அய்யாதுரை முதலாளி, நடிகைகள் படம் சலித்துவிட்டது, குடும்பப் பாங்காக ஒரு முகம் வேண்டும் என்றார். இருக்கன்குடியில் கரும்பைக் கடித்துக்கொண்டு நீ சிரித்தாயே, அந்த போட்டோவை எங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து உருவிக்கொண்டு போய் நீட்டினேன். என் மருமகள் முகம் இந்தியா பூராவும் போகப்போகிறது என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. டிசைன் வேலை மாப்பிள்ளையிடம் வந்தது. படத்தைப் பார்த்ததும் அவர் பதறிப்போய், "அவகிட்டக் கேட்டீகளா மாமா?" என்றார். "கேட்டேன், சரின்னுட்டா. வெக்கப்படுதா, நீங்க வாயத் தொறந்து கேட்டுராதீக" என்றேன்.

நான் உன்னிடம் கேட்கவே இல்லை. அட்டைப்பெட்டியைத் தட்டில் வைத்து நீட்டினால் நீ துள்ளிக் குதிப்பாய் என்று நினைத்தேன். நீ பாடம் நடத்தும் எட்டாம் வகுப்புப் பயல்கள் அதைக் கரும்பலகையில் ஒட்டி மீசை வரைவார்கள் என்றோ, நீ பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரும் வழியெல்லாம் உன் முகம் சாக்கடையில் மிதிபட்டுக் கிடக்கும் என்றோ இந்த மகா மூளைக்குத் தோன்றவில்லை.

நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, "என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?" என்று அவரிடம் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். நீ பஸ் ஏறிய பிறகு, நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் மாமா. அப்பா இல்லாத பிள்ள. புருசன்தான் இப்படின்னு ஆகிப்போச்சு, மாமனாவது மிஞ்சட்டும்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. மூன்று மாதம் அந்த வசதியில் சாப்பிட்டேன், சிரித்தேன், ஊரெல்லாம் கதை அளந்தேன்.

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் தின்கிற பெண்டாட்டியிடம் நேரே கேட்காமல் என் வாயை நம்பியது தப்புத்தான். அந்தத் தப்பை நீ எடைபோடு. ஆனால் என்னுடையதையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றி எடைபோடாதே.

வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். எனக்குப் பதில் வேண்டாம். அவருடைய செல் நம்பர் உன்னிடம் இருக்கும். என் பேச்சை நம்பாதே. கூப்பிட்டு, மாமா உங்களிடம் என்ன சொன்னார் என்று கேள். அவர் மழுப்புவார். விடாதே. கேட்ட பிறகும் வேண்டாம் என்றே உனக்குத் தோன்றினால், இங்கே கிடக்கும் உன் பீரோவையும் புத்தகங்களையும் நானே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மூன்று மாடி சுமந்து வைக்கிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

விஷயம் இன்றுதான் அத்தைக்குத் தெரியும். சோறு மட்டும் வைத்தாள்.

இருக்கன்குடி மாரியாத்தா உனக்குத் துணையிருக்கட்டும். யார் சொல்லையும் கேட்டு நடக்க வேண்டாம் ஆத்தா. உன் மனசு சொல்கிறபடி நடந்து, எங்கே இருந்தாலும் நல்லா இரு.

இப்படிக்கு,
உன் மாமன்,
சங்கிலிமுத்து