தேசிக்காய்க்கு முதல் பிரேக்

அன்பின் மனோரஞ்சிதம்,

நீர் ரூஜ் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம். கை இப்போது முழுதாக நிமிர்கிறது என்று மகள் சொன்னாள்.

கராஜில் நின்ற அறுபத்தொன்பதாம் ஆண்டு மசில் காரை, அந்தப் பழைய வேகக் காரை, திருத்தி முடித்துவிட்டேன். புது எஞ்சின் பழையதைவிட இரண்டு மடங்கு வலு. ஆனால் அதற்கு முதலே நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் போட்டேன். உமது இருக்கைக்குத் தோள்பட்டியும் போட்டேன். அன்று கோயிலில் சக்கரத்தடியில் தேசிக்காய் நசுக்கிய பூரிப்பில், பழைய பிரேக்கைச் சோதிக்காமல் மோர்னிங்சைட் வீதி இறக்கத்தில் ஓட்டிக் கம்பத்தில் மோதி, உமது கையை உடைத்தவன் நான்தான்.

“இஞ்சாருங்கோ, தேசிக்காய் பிரேக் பிடிக்குமெண்டோ நினைச்சனீங்கள்?” என்று அம்புலன்சில் கேட்டீர். அதற்கான பதில் இதோ.

உமது இருக்கையில் அரிசி மூட்டைகளைப் பட்டியால் கட்டி, நாற்பது தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். அன்றிலிருந்து என் வேலையில் எனக்குச் சந்தேகம்தான். இந்த முறை சந்தேகப்பட எதுவும் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். நான்கு தேசிக்காய்கள் கொண்டுவருவேன். முதலில் நீரே ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பாரும். சரியென்றால் அவற்றைச் சக்கரத்தடியில் வைப்போம். இல்லையென்றால் ஊறுகாய் போடும். நான் பிரேக்கை மறுபடி கழற்றுகிறேன்.

இப்படிக்கு,
நீர் ‘இவர்’ என்று சொல்லும் நான்