ஜெயசீலியின் மூக்கும் அண்ணன் கையும்

விருதுநகர்
14.2.1962

அன்புள்ள மகன் ஞானசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மதராஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தங்கச்சி ஜெயசீலியின் நெற்றித் தோலைக் கீறி மூக்குக்குத் திருப்பி வைத்துத் தைப்பேன், மூன்று வாரம் அது நெற்றியிலிருந்து தொங்கியபடி இருக்கும், ஒட்டிய பிறகு நடுவில் உள்ளதை வெட்டிவிடுவேன் என்று ரவிக்கைக்குக் கை வைத்துத் தைப்பது போல எழுதியிருக்கிறாய், படம் வேறு போட்டிருக்கிறாய். அப்பாதான் வாசித்தார், பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்துவிட்டார், மாட்டை விற்று ஒரு வருஷமாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறதப்பா. தோல் பிடிக்காமல் கறுத்துப்போனால் என்ன செய்வாய்? போன வருஷம் ஒரு மில் தொழிலாளிக்கு நீ வைத்த தோல் அப்படிக் கறுத்துப்போனது, சாப்பாடே பிடிக்கவில்லை என்று நீதான் எழுதினாய். அந்த மனிதர் உனக்கு யாரோ. இவள் உன் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள். அதனால்தான் கேட்கிறேன், இதை உன் பெரிய டாக்டர் செய்யட்டும், நீ பக்கத்தில் நில்.

சின்னத்தாய்மேல் உனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று தெரிகிறது. ஆமத்தூர் ரோட்டில் பட்டாசு லோடு வண்டி வெடித்து, உன் தங்கை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில் வெந்த முகத்தோடு வந்த அன்று, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் பசைச் சட்டியோடு ஓடிவந்து குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அப்பிவிட்டாள். நம் தெருவில் சுட்டுக்கொண்டால் எல்லோரும் அதைத்தானே தடவுகிறார்கள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை புண்ணை ஆழமாக்கும், காய்ந்தபின் உரித்தால் மூக்கு மடலையும் கொண்டுபோகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். தினமும் வந்து வாசலில் நிற்கிறாள். நேற்று ஆபரேஷன் விவரம் கேட்டுவிட்டு, "நெத்தியில தழும்பு விழுந்தா நாங்கன்னா பெரிய பொட்டா வச்சு மறைச்சுக்கிடுவோம், நீங்க வேதக்காரவுக, என்னத்தக்கா வச்சு மறைப்பீக?" என்று அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளோடு சேர்ந்து அழவும் செய்தேன்.

ஜெயசீலியிடம் பெரிய டாக்டர் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "அண்ணன் செஞ்சாத்தான் படுப்பேன், இல்லாட்டி எனக்கு இந்த மூக்கே போதும்" என்று முடித்துவிட்டாள். ஒரு துவாரம் அடைந்துபோய் வாயால் மூச்சு விடுகிறவள் பேசுகிற பேச்சா இது? பாடம் நடத்தப் போவதையும் விட்டாள், ஆலயத்துக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வருகிறாள். ஆகவே நான் தோற்றுப்போனேன். வெள்ளிக்கிழமை ரயிலில் அப்பா அவளைக் கூட்டி வருகிறார். ஏதாவது ஏறுமாறாக ஆகிவிட்டால் உங்கள் இரண்டு பேரில் யாரை நான் முதலில் தேற்றுவேன்?

கர்த்தர் உன் விரல்களைத் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக. ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிற்றோடு போகாதே. இன்னொன்று, இதை மறந்துவிடாதே. அந்த அறையில் எல்லோரும் முகத்தில் துணி கட்டி நிற்பீர்கள், அவளுக்கு யார் யாரென்று தெரியாது. நீ துணி கட்டுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் போய் உன் முகத்தை ஒரு தரம் காட்டிவிடு. கட்டுப் பிரிக்கிற அன்றும் அப்படியே அவள் எதிரில் நில். எப்படி ஆகியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே ஐயா.

உங்கள் இருவருக்காகவும் முழங்காலில் நிற்கும் அம்மா,
பாக்கியவதி