கை என்னுடையது, குரல் அக்காவுடையது

ஜூன் 20, வெள்ளி

சோளகக் காற்று. காலையில் இரண்டு தரம் முற்றம் கூட்டியும் புழுதி. மடத்துவெளிக்கு இந்த மாதத்தில் வேறு என்ன கிடைக்கும்.

செத்த வீட்டுக்கு எடுத்த வாடகைக் கதிரைகள் போயாயிற்று. ஒன்றுக்குக் கால் உடைவாம். யார் உடைத்தது என்று பந்தல்காரர் என்னைக் கேட்கிறார். நானா எல்லாரும் எப்படி இருந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்?

நாளைக்கு அக்காவின் எட்டாம் நாள். படைக்க வேண்டியவை:
சிவப்பரிசிச் சோறு
கத்தரிக்காய்ப் பால்கறி
முருங்கையிலை வறை
இறால் குழம்பு (இவர் மண்டைதீவுக்குப் போய் வாங்க வேண்டும், காலையிலேயே)
பிளேன்டீ. சீனி இரண்டு கரண்டி. இனி யார் தடுக்கப் போகிறார்கள்.

போன சனி நெஞ்சு நோகிறது என்றா. ஆசுபத்திரிக்குப் போக வான் வண்டியில் ஏற்றும்போது கூட, அடுப்பை நிற்பாட்டினாயா என்று என்னைக் கேட்டா. ஆசுபத்திரி வாசலோடு முடிந்தது.

நானும் அக்காவும் தூள் விற்கிற பேஸ்புக் பக்கத்தில் கறித்தூள் கேட்டு மூன்று பேர். பதில் போடவில்லை. துடக்கு வீடு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும் வரை மிளகாய் வறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

ஜூன் 26, வியாழன்

நயினாதீவில் கொடியேற்றம். விடியவே குறிகட்டுவானுக்கு பஸ் மேல் பஸ். ஒவ்வொரு வருடமும் முதல் படகில் நானும் அக்காவும். இந்த வருடம் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன்.

பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, போனில் அக்காவின் குரல்.

"வாங்கோ, வாங்கோ, அடுப்படிக்கு வாங்கோ! செத்தல் மிளகாய் வறுக்கேக்கை தும்முற ஆக்கள் தள்ளி நில்லுங்கோ!"

சுளகு கையை விட்டுப் போய்விட்டது. அரிசி முழுக்க நிலத்தில்.

பிறகுதான் நினைவு வந்தது. திருவிழாக் காலம் முழுக்க நாங்கள் வேலை செய்வதில்லை. ஆனால் பக்கம் தூங்கக் கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். "ஒரு கிழமை காணேல்லையெண்டால் சனம் மறந்துபோகும் வசந்தி. நாங்கள் கோயிலிலை நிண்டாலும் கடை திறந்திருக்கோணும்" என்பா. மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு முழுக்க இருந்து வீடியோ எடுத்தோம். திருவிழாவில் ஒன்றுவிட்ட ஒரு நாள் தானாக வெளிவரும்படி நாள் போட்டு ஏற்றி வைத்தா. நான் அடியோடு மறந்துபோனேன்.

அரிசியைப் பொறுக்கி முடிக்க இருட்டிவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

ரொறன்ரோவிலிருந்து கனகா மச்சாள். குசலம் கூட விசாரிக்கவில்லை.

"துடக்கு வீட்டிலை தூள் இடிக்கிறியளோ? இஞ்சை எல்லாரும் பாத்துட்டுக் கேக்கினம். சாம்பல் கூட ஆறேல்லை!"

"அது முந்தி எடுத்தது மச்சாள். தானா வருகுது."

"தானா வருகுதெண்டால் நிப்பாட்டன்! செத்த மனுசியின்ரை குரலைப் போட்டு வியாபாரமோ?"

நாக்கில் நரம்பில்லாத பெண். ஆனால் கேட்டது நியாயம். அதுதான் கூடச் சுட்டது.

துளசிக்கு எடுத்தேன். அக்காவின் ஒரே மகள், லண்டனில். விசாச் சிக்கல், வர முடியவில்லை. தாயின் செத்த வீட்டைப் போனில் பார்த்தவள். பக்கத்தைத் தொடங்கித் தந்ததும் அவள்தான்.

"துளசி, உதை நிப்பாட்டலாமே?"

"ஓம் சின்னம்மா. ஒரு தட்டுத்தான்."

அவள் பக்கத்தில் பஸ் சத்தம்.

"நிப்பாட்டட்டே, சின்னம்மா?"

சோறு அடிப்பிடிக்கிறது, பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

ஜூன் 30, திங்கள்

மின்சார பில். பசுவுக்குப் புண்ணாக்கு. இவருடைய சட்டைக்குப் பொத்தான்.

மூன்றாவது வீடியோ இன்று பின்னேரம் வந்தது. பயத்தம் பணியாரம். பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அஞ்சு நிமிடம் தாங்கவில்லை. துளசியும் பார்த்தாளாம். வேலையிடத்தில், காதுக்குள் மாட்டிக்கொண்டு. நிற்பாட்டும் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எங்கள் வீடியோவில் முகம் வராது. வறுக்கிறதும் இடிக்கிறதும் என் கை, கதைக்கிறது அக்கா. எனக்குக் கமராவைக் கண்டால் தொண்டை அடைக்கும். அக்காவுக்கு அத்தான் போன பிறகு வெறுங்கை. "மங்கலச் சாமான் விக்கிற இடத்திலை வெறுங்கையைக் காட்டினால் சனம் முகம் சுளிக்கும். உன்ரை காப்புக் கை இருக்கட்டும்" என்றா. அப்படிச் சொன்னபோது நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வியாபாரத்துக்கு அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

வாங்குகிறவர்களுக்கு எல்லாம் ஒரே ஆள். ரொறன்ரோப் பக்கம் பிராம்ப்டனிலிருந்து சுகந்தி என்று ஒரு பிள்ளை, முதல் மாதத்திலிருந்தே வாடிக்கை. "அக்கா, உங்கடை கையைப் பாத்து, கதையைக் கேட்டால் எனக்கு வீட்டை வந்த மாதிரி" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அக்கா அதை ஊர் முழுக்கக் காட்டினா.

ஜூலை 4, வெள்ளி

காற்று. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

இந்தத் தடவை வீடியோ பார்த்தவர்கள் முன்னெப்போதும் இல்லாத அளவு என்கிறாள் துளசி. எனக்குக் காரணம் தெரியும். சொந்தக்காரர் எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். கனகா மச்சாள் உட்பட, அதையும் துளசிதான் சொன்னாள். எங்கள் தூளில் சனத்துக்குப் பைத்தியம் என்று நினைத்துப் பேஸ்புக் இன்னும் நாலு பேருக்குக் காட்டுகிறது. அழுகிறவரையும் வாங்குகிறவரையும் அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மத்தியானம் யாழ். நகரிலிருந்து ஒருவர் எடுத்தார். சின்னக் கடைகளின் பக்கங்களை வளர்த்துக் கொடுக்கிறவராம். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"அக்கா, ஒரு அஞ்சலி வீடியோ போடுவம். அவவின்ரை குரலும் போட்டோவும். பக்கம் ஒரேயடியா ஏறும், உண்மையாச் சொல்லுறன்."

"தம்பி, உமக்கு அம்மா இருக்கிறாவோ?"

"ஓம் அக்கா."

"நல்லது. போனை வையும்."

ஏறும் என்று அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். செய்தியைச் சும்மா எழுதிப் போட்டாலும் விளம்பரமாகிவிடும் போல. எழுதாவிட்டாலோ, இல்லாத மனுசியைக் கடையில் இருத்தி வைத்த மாதிரி. என்ன செய்கிறது என்றே தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குக் கடைசி என்று துளசி முதலே சொல்லிவிட்டாள். போனில் இரண்டு பேருமாக இருந்து கேட்டோம்.

எள்ளுருண்டை. அக்கா வழக்கம்போல வாயாடினா. முடிவை வெட்ட மறந்திருக்கிறா. படம் ஆடுகிறது, நிலம் தெரிகிறது, பிறகு அலுப்போடு ஒரு குரல்:

"சரி, காணும். கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."

அவ்வளவுதான்.

துளசி ஓவென்று அழுதாள். நான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினேன், ஏனென்று தெரியாமலே. பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

முப்பத்தொன்று. கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, வந்து வீட்டுக்கிருத்தியம், துடக்குக் கழிந்தது. ஐயர் அவசரக்காரர், அடுத்த வீடு கொடிகாமத்திலாம். வடை கருகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு இவர், "இனி நீர் தொடங்கலாம்தானே" என்றார். நல்லெண்ணத்தில்தான். கோபம் வந்தது.

ஜூலை 17, வியாழன்

மிளகாய் காய வைத்தேன். மல்லி, சீரகம், வெந்தயம் கழுவியாயிற்று.

மா போட்ட தகர ரின்னில் போனைச் சாய்த்து வைத்து "வாங்கோ" சொல்லிப் பார்த்தேன். காகம் கரைகிறது போல. அடுத்த தரம் இன்னும் மோசம். பாட்டுப் போட்டு விடுவோமா என்றால் துளசி, "வேண்டாம் சின்னம்மா, ஆரும் கதைக்காட்டில் சனம் நிண்டு பாக்காது" என்கிறாள். தாயின் பிள்ளை.

அக்காவைப் பற்றி நாலு வரி எழுதினேன். தங்கச்சி எழுதுகிறேன், குரல் அவவுடையது, என்று. படித்தேன். அஞ்சலி வீடியோ கேட்ட அந்த யாழ்ப்பாணத்தார் நினைவு. அழித்தேன்.

கடைசியில், திரும்பவும் போனைச் சாய்த்து வைத்து, என் குரலிலேயே, "தூள் திரும்ப வந்திட்டுது. வேணுமெண்டால் சொல்லுங்கோ." அவ்வளவு சொல்ல ஒரு பகல் போயிற்று. போட்டுவிட்டேன்.

ஜூலை 19, சனி

காற்றுக் கொஞ்சம் அடங்கல். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள்.

பத்துப் பேர் மட்டில் கேட்டிருக்கிறார்கள். பொதி கட்டக் கடதாசிப் பை இல்லை. திங்கள் வேலணைக்குப் போக வேண்டும்.

கீழே சுகந்தி எழுதியிருக்கிறாள்:

"எங்க அக்கா இவ்வளவு நாளும்? குரல் அடைச்சுப் போய்க் கிடக்கு, சளி பிடிச்சுத் தடிமனோ? மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடியுங்கோ."

இதுவரை யாரும் அக்காவுக்கு என்ன என்று இப்படிக் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் எப்படிச் செத்தா என்றுதான் கேட்டார்கள்.

"அக்கா எங்களை விட்டு மோசம் போயிட்டா" என்று எழுதினேன். விரல் அனுப்புகிற இடத்துக்குப் போய்த் திரும்பியது. அழித்தேன். "ஓம், தடிமன்தான்" என்று எழுதி அனுப்பினேன்.

இவர் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "ஏன் அப்பிடிப் போட்டனீர்?" என்றார்.

சுகந்தி உடனே திரும்ப எழுதினாள். "கவனம் அக்கா. ஒரு கிழமையிலை சுகம் வந்திடும்."

பொய்தான். தெரியும். ஆனால் பிராம்ப்டனில் ஒரு வீட்டில் அக்காவுக்குத் தடிமன் மட்டும்தான்.