இருவரும் கவிழ்த்த ஆட்டம்

வெஸ்டா சிறுகோள், துளைப்பு நிலையம்
எழுதுபவர்: சூசைராஜ், எந்திரப் பராமரிப்பு

நாள் 402, 09:10
காற்று 31 நாளுக்கு இருக்கிறது. துளைப்பான் ஓடவில்லை, ஓட்டியும் பிரயோஜனமில்லை. சரக்குக் கப்பல் வழியிலேயே சிதறிவிட்டது. இங்கே நானும், சீரிஸ் நிலையத்தில் சங்கரவடிவும்தான் மிச்சம். திருநெல்வேலிக்காரி, முப்பத்து நான்கு வயது, ஆறு வயதில் ஒரு மகள். என்னை அண்ணாச்சி என்பாள். நேரில் பார்த்ததில்லை.

பொழுது போகப் போக்கர் ஆடுகிறோம். கணினி இரண்டு திரையிலும் சீட்டுப் போடும். அவள் குரல் இங்கே வரப் பதினோரு நிமிடம். முறைவைத்து ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு அரை நாள் ஆகும். ஆகவே குறித்த நிமிடத்தில் இருவரும் ஒன்றாக முடிவை அனுப்பிவிடுவோம். பந்தயத்துக்குப் பழைய போல்ட்டுகள்.

நாள் 405, 18:40
முதலில் டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு திறந்து. என் கையில் ஒன்றுமே இல்லை. போல்ட்டுகளை அள்ளி வைத்தேன். அடுத்த சுற்றில் பயந்து சீட்டைக் கவிழ்த்து, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள். பிறகு ஏழு சீட்டு ஸ்டட்: ஆளுக்கு நாலு திறந்து, மூன்று மூடி. அதிலும் ஏமாற்றினேன்.

"தெறந்த சீட்டப் பாத்தாலே பயமா இருக்கு அண்ணாச்சி. மூடுனதுல என்னத்த வச்சிருக்கீகளோ."

நடுவில் இருமினாள். தூசி என்றாள்.

நாள் 409, 07:30
மீட்பு ஓடம் வருகிறது. ஆளில்லாதது. ஒரே இருக்கை. ஒரு நிலையத்தில் நிற்க மட்டுமே எரிபொருள் உண்டு. எங்கே நிற்பது என்று நாங்கள் இருவரும் ஒரே பெயரை அனுப்ப வேண்டும். பெயர்கள் மாறினால் நிற்காமல் போய்விடும். இந்த விதியை எழுதிய மகராசன் யாரோடும் ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழ்ந்திருக்கமாட்டான்.

நாள் 411, 20:15
இரண்டு நாளாகச் சண்டை. "நீ போ தாயி, பிள்ளை காத்துக் கிடக்கா" என்றேன். "மதினி தனியா கெடக்காக, நீங்கதான் போவணும்" என்கிறாள், ஊரில் இருக்கும் என் மனைவியை நினைத்து.

கடைசியில் ஓர் ஆட்டம் ஆடி முடிவு செய்வோம் என்றாள். ஜெயித்தவருக்கு இருக்கை, தோற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஐந்து சீட்டு டிரா கேட்டாள். அதில் ஐந்தும் மூடியே இருக்கும், வேண்டாததை ஒருமுறை மாற்றலாம். கவிழ்த்தவர் கையில் இருந்ததைக் காட்ட வேண்டாம். எனக்கும் அதுதான் வசதி. உடனே ஒப்புக்கொண்டேன்.

நாள் 412, 15:45
மூன்று ராஜா வந்தது, ஜெயிக்கிற கை. கவிழ்த்தேன். ஓடத்துக்கு 'சீரிஸ்' என்று அனுப்பினேன். மனசு லேசாக இருக்கிறது.

15:56
அவளும் கவிழ்த்திருக்கிறாள். 'வெஸ்டா' என்று அனுப்பியிருக்கிறாள்.

எந்த மேசையிலும் இது நடக்காது. ஒருவர் கவிழ்த்த உடனே மற்றவர் ஜெயித்துவிடுவார். எங்கள் ஒரே நிமிட ஏற்பாட்டில்தான் இரண்டு பேரும் தோற்க முடியும். 16:10 வரை பெயரை மாற்றலாம். என் சொல்லை ஓடம் சரிபார்த்து ஏற்க மூன்று நிமிடம் ஆகும்.

16:02
மாற்றவில்லை. நான் கவிழ்த்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். சும்மா மிரட்டுகிறாள். மகளை நினைத்து வழிக்கு வருவாள். எனக்குப் பயப்படாமல் எந்த ஆட்டத்தில் இருந்தாள்?

16:09
"அண்ணாச்சி, கெஞ்சிக் கேக்கேன், வெஸ்டானு மாத்துங்க. எனக்கு நுரையீரல் பூரா தூசி. மூணு மாசமாத் தெரியும். ஓடத்துல எட்டு மாசம் நான் தாங்கமாட்டேன். சொன்னா எனக்குத் தொணையா அங்கயே இருந்துருவீகன்னு மறைச்சிட்டேன்."

மாற்றி அனுப்பினேன். 16:12க்குத்தான் ஓடம் ஏற்கும்.

16:31
நிற்கவில்லை. ஜன்னலில் ஒரு வெளிச்சம் போனது.

நாள் 413, 11:00
நேற்றிரவு அவளைக் கண்டபடி ஏசினேன். பிறகு என்னையே ஏசிக்கொண்டேன். பதிலுக்கு அவள் அழுகைதான் வந்தது. பாவி நான், 15:56 முதல் 16:07 வரை பதினோரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாள் 419, 16:00
எல்லாச் சீட்டையும் திறந்தே ஆடுகிறோம். அவள் கேட்டது. மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னாள். பாதியில் இருமல். மீதி நாளைக்கு என்றாள்.

நாள் 421, 15:56
பதில் இல்லை.

நாள் 426, 15:56
இல்லை. தினமும் 15:45க்குச் சீட்டுப் போடுகிறேன். அவள் முடிவு வராததால் ஜெயம் எனக்கு என்று கணினி எழுதுகிறது.

நாள் 432, 15:45
காற்று ஒரு நாளுக்கு. தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது.

இன்று நான் கவிழ்த்தேன்.

15:56
'எதிராளி இல்லை. வெற்றி: வெஸ்டா.'

மறுபடி கவிழ்த்தேன். வெற்றி: வெஸ்டா.

வடிவு, தாயி, என்னால் தோற்க முடியவில்லை. இன்னும் ஒரு தடவை கவி